நகம் வெட்டியதும் ஊழியமே! – டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்



ஊழியம் என்றதும் நம்ம கண்ணுக்கு முன்னால வருவது என்ன? மேடை, மைக், கன்வென்ஷன் பந்தல், கைப்பிரதிக் கட்டு. கரிசல் காட்டுக் கிராமங்களில் வெயிலில் நடந்து சுவிசேஷம் சொல்லும் சகோதரர்கள். இவை எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பிரசங்கிக்க என்றே கடல் கடந்து வந்த ஒரு சகோதரி, பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சவும், குளிப்பாட்டவும், நகம் வெட்டவும் தன் மீதி ஆயுள் முழுவதையும் கொடுத்தார். உலகம் இன்றைக்கு அவரை நினைப்பது அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

அவர்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையார். நமக்கு அந்நியர் இல்லை. அவர் தமிழ்ப் பெண்களோடு கிராமம் கிராமமாய்ச் சென்ற பண்ணைவிளை, இன்றைய நம்ம தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர் வாழ்ந்து மரித்த டோனாவூர், விளாத்திகுளத்தில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்.

சால்வை போட்ட மில் பெண்கள்

1867ம் ஆண்டு டிசம்பர் 16ந் தேதி அயர்லாந்து தேசத்தில் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் ஏமி பிறந்தார். தகப்பனாருக்கு மாவு மில் சொந்தமாக இருந்தது. ஏழு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். சிறு பிள்ளையாயிருந்தபோது, தன் பழுப்பு நிறக் கண்களை நீல நிறமாக மாற்றும்படி இராத்திரி ஜெபித்துவிட்டுப் படுத்தாராம். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். அந்தப் பிள்ளைக்குப் பெரிய ஏமாற்றம். பின்னாளில் தமிழ்நாட்டில் சேலை கட்டி, தோலுக்குக் கறுப்பு நிறம் ஏற்றிக்கொண்டு, யாரும் சந்தேகப்படாதபடி ஜனங்களுக்குள் போய்வர வேண்டியிருந்தபோது அந்தப் பழுப்புக் கண் எதற்கென்று விளங்கியது.

1885ல் தகப்பனார் மரித்தார். குடும்பத்தில் பணக்கஷ்டம். அந்த நாட்களில் பெல்பாஸ்ட் பட்டணத்தின் மில்களில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள்மேல் ஏமிக்குப் பாரம் உண்டாயிற்று. தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருகிற அந்தப் பெண்களை, கௌரவமான சபைக்காரர் பலருக்குப் பக்கத்தில் உட்காரவைக்க மனசில்லை. ஏமி அவர்களுக்கென்றே ஜெபித்து, 1889ல் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கூடத்தை எழுப்பினார். கோவில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்வருகிற நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரென்று புரியும்.

பிறகு மிஷனெரி அழைப்பு. 1893ல் ஜப்பான் போனார், ஒன்றேகால் வருஷத்தில் சரீரம் தாங்கவில்லை. இலங்கையில் கொஞ்ச காலம், மறுபடியும் தாய்நாடு. கடைசியாக 1895 நவம்பரில் சென்னையில் வந்து இறங்கினார். வயது 27. அதற்குப் பிறகு 55 வருஷம் ஒரு தடவைகூட அவர் சொந்த தேசத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

வாக்கர் ஐயரிடம் தமிழ் படிப்பு

பெங்களூரில் ஒரு வருஷம் இருந்தபின், திருநெல்வேலியில் ஊழியம் செய்த தாமஸ் வாக்கர் ஐயரிடம் தமிழ் படிக்க வந்தார். ஐயர் கண்டிப்பான ஆசிரியர். தமிழ் சுலபமாய் வரவில்லை, ஆனாலும் விடவில்லை. பண்ணைவிளையில் ஐயர் குடும்பத்தாரோடு தங்கி, நம்ம தமிழ்ச் சகோதரிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பெண்கள் ஊழியக் குழுவை ஆரம்பித்தார். ஜனங்கள் அவர்களை விண்மீன் கூட்டம் என்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. இவர்கள் நகை போடுவதில்லை. சம்பளம் வாங்குவதில்லை. மாட்டுவண்டியில் ஊர் ஊராய்ப் போவார்கள், கூடாரம் போட்டுத் தங்குவார்கள், வீட்டுத் திண்ணைகளில் பெண்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். பெண்கள் தனியே ஊர் சுற்றாத அந்தக் காலத்தில் இது லேசான காரியமா! ஏமி அம்மையாரின் ஆசை இப்படியே ஆயுள் முழுவதும் சுவிசேஷம் சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்பதுதான். ஆண்டவரோ வேறு வழியைத் திறந்தார்.

ஓடிவந்த சிறுமி

1901 மார்ச் மாதம். பெருங்குளத்தில் கோயிலுக்கென்று ஒப்புக்கொடுக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னை வைத்திருந்த பெண்களின் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்தாள். பெயர் பிரீனா. இதற்கு முன்னும் ஒரு தரம் தப்பித் தூத்துக்குடிக்குத் தாயிடமே நடந்து போயிருக்கிறாள். பயந்துபோன தாய் அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். அதற்குத் தண்டனையாகப் பிள்ளையின் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் தரம் ஓடிவந்தபோது பண்ணைவிளையில் ஒரு கிறிஸ்தவப் பெண் கண்ணில் பட்டாள். அந்த அம்மா அவளைக் கையைப் பிடித்து ஏமி அம்மையாரிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

அம்மையார் சில காலம் வெளியூரில் இருந்துவிட்டு அப்போதுதான் பண்ணைவிளைக்குத் திரும்பியிருந்தார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் அவர் இருந்திருக்க மாட்டார். சிறுமியைத் தேடி ஆட்கள் வந்தார்கள், கூட்டம் கூடிற்று. பிள்ளை போகமாட்டேன் என்று நின்றாள், அம்மையாரும் விடமாட்டேன் என்று நின்றார். அந்தப் பிள்ளை வாயால் கேட்டபிறகுதான், தேவதாசி முறை என்ற பெயரில் எட்டும் அறியாத பெண்குழந்தைகளுக்கு என்ன நடக்கிறதென்று அம்மையார் முழுவதுமாய் அறிந்தார்.

இந்தக் கொடுமையை எதிர்த்தவர் அம்மையார் ஒருவர்தான் என்று நாம் நினைக்கக்கூடாது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைமேடையாய்ப் பேசினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார், 1930ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். இவர்களைப் போன்றவர்களின் பாடுகளால் 1947ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் 1901ல் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஓடிவந்த பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும், ஒரு அம்மா வேண்டும். அதுதான் அன்றைய கேள்வி.

கட்டப்பட்ட கால்கள்

அதே 1901ல் எல்லாரும் டோனாவூருக்குக் குடிபோனார்கள். மேற்கு மலைக்கு அடியில், களக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிராமம். ரேனியஸ் ஐயர் காலத்தில், உதவி செய்த ஜெர்மானியப் பிரபு ஒருவரின் பெயரால் உண்டான ஊர். பிரீனாவுக்குப் பிறகு இன்னொரு பிள்ளை, அதற்குப் பிறகு இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்தார்கள். 1904ல் கைக்குழந்தைகளும் வர ஆரம்பித்தன. அந்த வருஷம் 17 பிள்ளைகள். 1913ல் 130 பிள்ளைகள்.

பிள்ளை பெற்றவளுக்குக் கால்கட்டு என்று நம்ம கிராமத்து அம்மாமார் சொல்வார்கள் அல்லவா? அதுதான் இங்கே நடந்தது. ஊர் ஊராய்ப் போன கால்கள் தொட்டிலோடு கட்டப்பட்டன. கூடாரம் சுருட்டி வைக்கப்பட்டது. பிரசங்கத்துக்கு வந்தவர் ஆயா வேலை பார்க்கிறாரே என்று மற்ற மிஷனெரிகளில் சிலர் குறைவாய்ப் பேசினார்கள். அம்மையாருக்கே உள்ளத்தில் போராட்டம் இருந்தது. யோவான் 13ம் அதிகாரத்தில் ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினதை வாசித்தபோது அவருக்குப் பதில் கிடைத்தது. அவர் செய்த வேலையை வேலைக்காரி வேலை என்று நான் எப்படித் தள்ளுவேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு சிக்கல், கூட வேலை செய்ய ஆள் கிடைப்பது. வேதம் வாசிக்கிற ஊழியம் என்றால் வருவதற்குச் சகோதரிகள் உண்டு. பிள்ளையின் மலத்துணி அலசவேண்டும், அதுவும் என்ன ஜாதிப் பிள்ளையென்றே தெரியாது என்றால், ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்களிலேயே முகம் சுளித்தார்கள். டோனாவூரில் எந்த வேலையும் தாழ்ந்ததில்லை, எந்த ஜாதியானாலும் எல்லாரும் எல்லா வேலையும் செய்யவேண்டும் என்று அம்மையார் உறுதியாய் நின்றார். முதலில் முன்வந்து அதைச் செய்து காட்டியவர்களில் ஒருவர் பொன்னம்மாள்.

டோனாவூரின் ஒரு நாள்

அங்கே போர்டிங் மாதிரி வரிசையில் நிறுத்தி வளர்க்கவில்லை. சிறு சிறு வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் பிள்ளைகள், அவர்களுக்கு ஒரு அக்காள். நம்ம தேசத்துச் சகோதரிகள் அக்காள், வெளிதேசத்திலிருந்து வந்த சகோதரிகள் சித்தி, சகோதரர்கள் அண்ணாச்சி. ஏமி கார்மைக்கேல் எல்லாருக்கும் அம்மா. நம்ம திருநெல்வேலிச் சீமை உறவுமுறையையே அந்த வெள்ளைக்கார அம்மா எடுத்துக்கொண்டார் பாருங்க!

காலையில் பால் காய்ச்சுவதில் தொடங்கும். தாய்ப்பால் இல்லாத பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுப்பது அந்தக் காலத்தில் உயிர்ப் பிரச்சினை. பாத்திரம் கொஞ்சம் சுத்தமில்லாவிட்டால் பிள்ளை பிழைக்காது. அப்புறம் குளிப்பாட்டு, தலை பின்னுவது, சாப்பாடு, பாடம், தோட்ட வேலை, தையல், பாட்டு. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். வெயில் காலத்தில் மலைக்காட்டுக்குக் கூட்டிப்போய் ஓடைத் தண்ணீரில் நீச்சல் அடிக்க வைத்தார்கள். செடி கொடி, பறவைகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிறந்த தேதி தெரியாத பிள்ளைகள் அநேகர். அதனால் பிறந்தநாளுக்குப் பதிலாக, அந்தப் பிள்ளை டோனாவூருக்கு வந்த நாளை வந்த நாள் என்று பூ வைத்துக் கொண்டாடினார்கள். உன்னை யாரும் வேண்டாமென்று விடவில்லை, நீ வந்த நாள் எங்களுக்குப் பண்டிகை என்று அந்தப் பிள்ளை மனசில் பதியவைக்க இதைவிட நல்ல வழி உண்டா?

பணத்துக்கு யாரிடமும் கைநீட்டவில்லை. தேவையை ஆண்டவரிடம் மட்டும் சொன்னார்கள். வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1916ல் வாழ்நாள் முழுவதையும் இந்தப் பணிக்குக் கொடுத்த சகோதரிகளின் சிறு ஐக்கியம் ஒன்று உண்டாயிற்று. ஜெபிப்பது பரிசுத்த வேலை, பானை கழுவுவது சாதாரண வேலை என்ற பிரிவினை அவர்களுக்கு இல்லை. 1918ல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நம்ம பக்கத்தில்

நான் விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறுவர் இல்லத்துக்குச் சனிக்கிழமைதோறும் போய்வருகிறேன். பஞ்சத்தில் பிழைப்புத் தேடிப்போன இடத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள், கரி மூட்டம் போடுகிற வேலையில் இருந்து வந்த பிள்ளைகள் அங்கே உண்டு. என் வேலை என்ன? தலைக்கு எண்ணெய் வைத்துப் பேன் பார்ப்பது, நகம் வெட்டுவது, கிழிந்த பாவாடை தைப்பது. கரிசல் மண் நகக்கண்ணில் ஏறிவிட்டால் லேசில் போகாது. சுடுதண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுக்கவேண்டும்.

சபையில் ஒரு சகோதரி என்னிடம் அன்பாய்த்தான் கேட்டார், அக்கா நன்றாய்ச் சாட்சி சொல்லுவீர்களே, கிராம ஊழியத்துக்கு வராமல் அங்கே போய்ப் பேன் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களே என்று. அவருக்கு நான் அம்மையாரின் கதையைத்தான் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவரும் ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவர் மடியில்தான் போய் உட்காருகிறார்கள்!

அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்று. கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் கேக்கோடு வந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பிள்ளைகள் மறந்துவிடும். வாரந்தோறும் அதே கிழமை, அதே நேரம் வருகிறவரைத்தான் வாசலில் நின்று எதிர்பார்க்கும். வருவேன் என்று சொல்லி வராமல் போனால், ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளைக்கு அது இன்னொரு கைவிடுதல். அம்மையாரின் 50 வருஷத்தின் பெலன் இதில்தான் இருந்தது. அவர் விட்டுப் போகவில்லை.

எழுப்புதலும் தொட்டிலும்

எழுப்புதலைப்பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். வேல்ஸ் தேசத்தில் 1904ல் எழுப்புதல் உண்டாகி, நம்ம தேசத்தின் காசியா மலைகளிலும் பரவிற்று. 1905 அக்டோபரில் டோனாவூரிலும் ஆவியானவர் அசைவாடினார். ஆராதனையில் ஜனங்கள் அழுது பாவத்தை அறிக்கையிட்டார்கள், மணிக்கணக்கில் ஜெபித்தார்கள், பிள்ளைகளும் ஜெபித்தார்கள்.

ஆனால் மறுநாள் காலையிலும் பால் காய்ச்சவேண்டியிருந்தது. அந்த எழுப்புதல் உண்மையானது என்பதற்கு அடையாளம், அது அவர்களைத் தொட்டிலை விட்டு மேடைக்குக் கொண்டுபோகவில்லை, தொட்டிலண்டையிலேயே சந்தோஷமாய் நிற்க வைத்தது என்பதுதான்.

கண்ணீரும் வழக்கும்

கண்ணீர் இல்லாமலா? 1905 ஜனவரியில் இந்திரநீலா என்ற சிறு குழந்தை மரித்தது. அம்மையார் உடைந்துபோனார். நாஞ்சில் நாட்டு நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தால் வைத்தியம் கிடைக்குமே என்று, குழந்தைகளை அங்கே பொன்னம்மாளின் பொறுப்பில் வைத்தார்கள். அங்கே வயிற்றுக்கடுப்பு நோய் பரவிப் பல குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மரித்தன. 1912ல் வாக்கர் ஐயர் மரித்தார். 1913ல் அம்மையாரின் தாயார் மரித்தார், 1915ல் பொன்னம்மாள் புற்றுநோயால் மரித்தார். இந்த மரணங்கள் அவர்மேல் அலைமேல் அலையாய் வந்தன. அதே நேரத்தில் 130 பிள்ளைகள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

1911ல் ஒரு வழக்கு. ஒரு சிறுமியைத் தாயாரிடமே திருப்பி ஒப்படைக்கும்படி கோர்ட் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு நிறைவேறுமுன் சிறுமி ஆண்பிள்ளை வேஷத்தில் டோனாவூரை விட்டு வெளியேற்றப்பட்டு, கடல் கடந்து சீனாவுக்கே போய்ச் சேர்ந்தாள். இதற்காக ஜெயிலுக்குப் போகவும் அம்மையார் ஆயத்தமாயிருந்தார்.

1919ல் ஆங்கில அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் என்ற பதக்கத்தைக் கொடுத்தது. சிலுவை சுமந்த ஆண்டவருக்குக் கிடைக்காத மரியாதை தனக்கு எதற்கென்று கூசி, அதை வாங்கிக்கொள்ளச் சென்னைக்கு அவர் போகவில்லை.

களக்காட்டுக் குழி

1931 செப்டம்பர் 24. காலையில் அம்மையார், நான் உமக்கு இன்னும் நன்றாய் ஊழியம் செய்யும்படி என்னை எப்படியாவது நடத்தும் என்று ஜெபித்திருந்தார். அன்று மாலை களக்காட்டில், வைத்திய ஊழியத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டுகிற நேரம். கக்கூஸுக்காகத் தவறான இடத்தில் தோண்டிய குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. சில வாரங்களில் குணமாகும் என்று நினைத்தார்கள், ஆகவில்லை. சுமார் இருபது வருஷம் பெரும்பாலும் அந்த அறையிலும் கட்டிலிலும்தான்.

கால் கட்டப்பட்டது இது இரண்டாம் முறை. பிள்ளைகள் கட்டியபோது ஊர் ஊராய்ப் போவது நின்றது. வலி கட்டியபோது பிள்ளைகளைத் தூக்குவதே நின்றது. ஆனாலும் பிள்ளைகள் அறைக்கு வந்தார்கள், பேசினார்கள், அழுதார்கள், ஜெபித்தார்கள். படுத்தபடியே எழுதினார். அவர் எழுதிய புத்தகங்கள் மொத்தம் 35க்கு மேல், அவற்றில் பல அந்தக் கட்டிலில் எழுதியவை. இன்றும் உலகமெங்கும் நோயாளிகள் அவற்றை வாசித்து ஆறுதல் அடைகிறார்கள்.

1951 ஜனவரி 18ந் தேதி, 83ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அவர் சொல்லையும் தட்டவில்லை, சும்மாவும் விடவில்லை. பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, அம்மா என்று அழைத்த அந்த ஒரு பெயரை மட்டும் அதில் பொறித்தார்கள். டோனாவூர் போயிருந்தபோது நான் மரநிழலில் அதைப் பார்த்தேன். பட்டம் இல்லை, பதவி இல்லை. அம்மா, அவ்வளவுதான்.

அவர் தொடங்கிய ஐக்கியத்தையும் மருத்துவமனையையும் இன்று நம்ம தேசத்தார்தான் நடத்திவருகிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

அன்று பிள்ளைகளைக் காக்கச் சட்டம் இல்லை, இன்று இருக்கிறது. அதனால் கைவிடப்பட்ட ஒரு குழந்தையைக் கண்டால், இரக்கப்பட்டு நாமே வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது, தெரிந்தவர்களுக்குக் கொடுக்கவும் கூடாது. 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளையைக் கொண்டுபோகவேண்டும். இல்லத்துக்கு உதவப் போகிறவர்கள், அது 2015ம் வருஷச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டுப் போங்கள். பிள்ளைகளைப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். மாசத்துக்கு ஒரு தரம்தான் முடியும் என்றால் அதையே சொல்லி, அதைத் தவறாமல் செய்யுங்கள்.

பிரசங்க வரம் எல்லாருக்கும் இல்லை. மேடையில் நிற்கக் கூச்சப்படுகிற சகோதரிகள், எழுத்து வாசனை இல்லாத தாய்மார், பஸ் பிடித்து வேலைக்குப் போய்வந்து களைத்திருக்கிற வாலிபர்கள், எனக்கு என்ன ஊழியம் என்று கலங்கவேண்டாம். ஒரு பிள்ளைக்குத் தலை சீவத் தெரிந்தால் போதும். அம்மையாரிடம் மடியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்ட பிள்ளைகள் வளர்ந்து, அக்காள்மாராகி, அடுத்த பிள்ளைகளுக்கு நகம் வெட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாழ்வு இப்படித்தான் ஒவ்வொன்றாய்க் கட்டப்பட்டது.

கர்த்தர் நம்ம கைகளையும் அப்படிப்பட்ட சிறிய வேலைகளுக்குப் பழக்குவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள் சகோதரி,
விளாத்திகுளம்.